பெர்னதெத் என்று எழுதிய பீப்பாய்

நம் ஊரில் ஒயின் ஷாப் என்று பலகை மாட்டிய கடையில் கேட்டால் எல்லாம் கிடைக்கும், ஒயினைத் தவிர. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இது குடிகாரர் கதை இல்லை. ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அது எந்த ஊர், எந்தச் சரிவு, எந்த வருஷம் என்று சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் சீடனாகப் போன கதை.

அவர் பெயர் சவரிராயன். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தலை நரைத்தவர். பர்கண்டியில் ஒரே மலைச்சரிவின் குறுக்கே ஒரு கற்சுவர் ஓடும். சுவருக்கு இந்தப் பக்கத்து ஒயினுக்கு ஒரு பெயர், அந்தப் பக்கத்து ஒயினுக்கு வேறு பெயர், பல மடங்கு விலை. நமக்கு இரண்டும் ஒரே புளிப்பு. சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டு சுவரின் எந்தப் பக்கம் என்று சொல்வார். தப்பியதில்லை.

ஒரே ஒரு பகுதியின் ஒயினை மட்டும் அவர் வாயில் வைக்க மாட்டார். பர்கண்டிக்குக் கிழக்கே, சுவிஸ் எல்லைக்கு முன்னால், ஜூரா என்று குளிர்ந்த குன்றுகள் இருக்கின்றன. அங்கே மஞ்சள் ஒயின் என்று ஒன்று செய்கிறார்கள்.

"வெந்தயக் குழம்பை வடிகட்டினா இதுதான் வரும்," என்று சொல்லி கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவார்.

அவர் மனைவி பெர்னதெத் அதைக் கேட்டுச் சிரிப்பாள். வெந்தயக் குழம்பு வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குழம்பு ஆனதும் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட மாட்டாள். கரண்டியால் சட்டியின் விளிம்பில் மூன்று முறை தட்டுவாள். அவ்வளவுதான் அழைப்பு.

ஒவ்வொரு ஆண்டும் திராட்சை பறிக்கும் காலத்தில் அவள் ஜூராவுக்குத் தனியாகப் போய்வருவாள். அங்கே அவளுடைய பள்ளித் தோழி அமலோற்பவம், பிரெஞ்சு மாமனார் விட்டுப்போன தோட்டத்தையும் பீப்பாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் சவரிராயனுக்குப் போட்டிகள் இருக்கும். யாருடைய ஒயின் உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர் ஒருமுறைகூட ஜூராவுக்குப் போனதில்லை.

கடைசியாகப் போய்வந்த வருஷம், குளிரில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு மூன்றாவது குளிர்காலம் முடிகிற சமயத்தில், சவரிராயன் ஒரு பெட்டியோடு அமலோற்பவத்தின் வாசலில் போய் நின்றார்.

"வாங்க முசே," என்றார் அமலோற்பவம். பிரெஞ்சுக்காரர்களின் 'ஐயா'வைப் புதுச்சேரி சுருக்கிக்கொண்ட விதம் அது. அந்த அம்மாள் வாயில் அது மரியாதையா கிண்டலா என்று கண்டுபிடிப்பது கடினம்.

"உங்ககிட்ட சீடனா சேர வந்திருக்கேன், மதாம்."

"எதுக்கு?"

"பிரான்சுல எனக்குப் புரியாத ஒயின் இது ஒண்ணுதான்."

"புரியாததா? பிடிக்காததுன்னுல்ல பெர்னதெத் சொன்னா."

சவரிராயன் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மதாம் வழிவிட்டார்.

"முதல்ல நாக்கைப் பார்க்கணும். உக்காருங்க."

அடுக்களை மேசையில் மூன்று கிளாஸ்கள் வந்தன. சவரிராயன் முதல் கிளாஸை முகர்ந்து, கொப்பளித்து, துப்பினார்.

"போர்தோ. ஆத்துக்கு இடது கரை, கூழாங்கல் மண்ணு. மூணு வகைத் திராட்சை கலந்திருக்கு. அங்கே எந்தத் திராட்சையையும் தனியா விட மாட்டாங்க. கூட்டுக்குடும்பம்."

"இது?"

"பர்கண்டி. ஒரே திராட்சை. சுவருக்கு இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கமா இருக்கக் கூடாதா?"

"அந்தப் பக்கம்னா நீங்க எனக்கு ஊத்தியிருக்க மாட்டீங்க."

மதாம் சிரித்தார். "பொழைச்சுக்குவீங்க. இது?"

"ரோன் பள்ளத்தாக்கு, தெற்கு. கொடிக்குக் கீழே தேங்காய் மாதிரி உருண்டைக் கல்லு கெடக்கும். பகல்ல வாங்கின வெயிலை ராத்திரி கொடிக்குத் திருப்பிக் குடுக்கும். அந்தச் சூடு இதுல இருக்கு."

நான்காவதாக மதாம் ஒரு கிளாஸை வைத்தார். காலி கிளாஸ். கழுவியது இல்லை, குடித்து வைத்தது. அடியில் ஈரம்கூட இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லையே, மதாம்."

"மூக்கை வைங்க."

மூக்கை வைத்தார். வறுத்த வெந்தயம். உடைத்த வால்நட். அதற்கும் பின்னால், அடுப்பை அணைத்த பிறகு அடுக்களையில் தங்கி நிற்கிற வெதுவெதுப்பு. அவர் வீட்டில் மூன்று வருஷமாக இல்லாத வாசனை.

கிளாஸைக் கீழே வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"யார் குடிச்சது இதை?"

"நேத்து மஞ்சள் ஒயின் ஊத்தி வச்சேன். காலையில பார்த்தா இப்படி இருந்துச்சு."

"நீங்க குடிக்கலையா?"

"நான் ஒயின் குடிக்கறதில்ல, முசே. எனக்கு ஆகாது. பெட்டியை மாடி அறையில வைங்க."

அந்த வீட்டில் பூனைகூடக் கிடையாது.

மறுநாள் காலை மதாம் அவரைப் பீப்பாய்களைப் பார்க்க அழைத்துப் போனார். சவரிராயன் பழக்கப்படி நிலவறைப் படியை நோக்கித் திரும்பினார். மதாம் மேலே ஏறினார்.

இங்கே பீப்பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பீப்பாய் ஓக் மரத்தில் செய்தது. ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மரத்தின் வழியே ஆவியாகிப் போகும். போனதைத் தேவதைகளின் பங்கு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பங்கின் அளவைப் பார்த்தால் சொர்க்கத்தில் நேராக நடக்கிறவர்கள் குறைவு என்றுதான் தோன்றுகிறது. பர்கண்டியில் இந்தக் குறையை விட்டுவைக்க மாட்டார்கள். வாராவாரம் பீப்பாயைத் திறந்து அதே ஒயினைக் கழுத்து வரை ஊற்றி நிரப்புவார்கள். காலி இடம் இருந்தால் காற்று வரும்; காற்று வந்தால் கெட்டுவிடும்.

சவரிராயன் தொழிலில் நுழைந்ததே பீப்பாய் நிரப்புகிறவராகத்தான். காலி இடத்தைக் கண்டால் அவர் கை தானாக நீளும். விருந்துக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவார். பெர்னதெத் பேசிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தி யோசித்தால், அந்த இடத்தில் ஏதாவதொரு மலைச்சரிவைப் பற்றிச் சொல்லி நிரப்பிவிடுவார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது அதோடு போய்விடும்.

மேல்மாடி கூரைக்கு நேர் கீழே இருந்தது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, மரப்பட்டைகள்தான். வெயிலும் பனியும் காற்றும் தாராளமாக வந்துபோயின. பட்டைகளின் இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எங்கும் வெந்தய வாசனை.

"கீழே நல்ல நிலவறை இருக்கே. அங்கே ஏன் வைக்கல?"

"கீழே இருக்கிறது நாங்க நிரப்புற ஒயின். உங்க ஊர் மாதிரி. இது நிரப்பாதது."

"நிரப்பவே மாட்டீங்களா?"

"ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மாட்டோம்."

"குறையுமே."

"குறையும்."

"காத்து புகுமே."

"புகும்."

"கெட்டுப் போயிடுமே, மதாம்!"

"போர்தோவுல கெடும். பர்கண்டியில கெடும். இங்கே அந்தக் காலி இடத்துல ஒயின் மேல ஒரு ஆடை கட்டும். பால் ஆறினா கட்டுமே, அது மாதிரி. அதுக்கு அடியில ஒயின் தன்பாட்டுக்கு இருந்துக்கும்."

"ஆடை கிழிஞ்சா?"

"வினிகர்."

மதாம் முதல் பீப்பாயை விரல் முட்டியால் தட்டினார். ஒயின் நிற்கும் உயரம் வரை சத்தம் மந்தமாகக் கேட்டது. அதற்கு மேல், காலியான இடத்தில், கணீரென்று கேட்டது. தட்டிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த பீப்பாய். அங்கேயும் அதே போல நின்றார்.

"தட்டினா உடனே தெரிஞ்சுடுதே. ஏன் நிக்கறீங்க?"

"கதவைத் தட்டிட்டு ஓடற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பீப்பாயை யார் முதலில் நிரப்பி மூடுகிறாரோ அவர் தன் பெயரைச் சாக்பீஸால் பீப்பாயின் முகப்பில் எழுதுவார். ஒயின் பாட்டிலுக்குப் போகும் வரை அந்தப் பெயர் இருக்கும். வரிசை முழுக்கப் பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது. பள்ளிக்கூடப் பழக்கம் போகாத வட்ட வட்டமான கையெழுத்து.

பெர்னதெத்.

"கடைசியா வந்தப்ப அவ மூடினது. தட்டுங்க," என்றார் மதாம்.

சவரிராயன் கையைத் தூக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்டார்.

"குறையிற ஒயின் எங்கே போகுது, மதாம்?"

மதாம் அலமாரியிலிருந்து தோள் அகன்ற குட்டையான ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மத்த ஊர் பாட்டில் எவ்வளவு பிடிக்கும்?"

"முக்கால் லிட்டர்."

"இது அதைவிடச் சின்னது. பீப்பாய்ல ஊத்தின ஒவ்வொரு லிட்டர்லயும் கடைசியில மிஞ்சறது இவ்வளவுதான். அதனால பாட்டிலையே அந்த அளவுக்குச் செஞ்சுட்டாங்க."

சவரிராயன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே."

"இல்ல. இது பாட்டில்," என்று சொல்லிவிட்டு மதாம் இறங்கிப் போனார்.

சீடனுக்கு ஒரே வேலைதான். தினமும் மாடிக்குப் போய்ப் பீப்பாய்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது. முதல் வாரங்களில் சவரிராயன் தமிழில் எழுதிய பீப்பாயை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தட்டினார். வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் முற்பகலில், அதன் முன் நின்று, காலி இடத்துக்கு நேராக ஒரு தட்டுத் தட்டினார்.

கணீரென்றது. மதாம் செய்வது போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து மூன்று தட்டுகள் வந்தன.

மரம் பகல் சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அப்போது முட்டியால் தட்டியது போல ஓசை எழும். இதற்கு அறிவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது, அதில் குற்றம் காண முடியாது. ஆனால் எந்த மரத்துக்கும் குழம்பு இறக்குகிற பழக்கம் கிடையாது.

சவரிராயன் படிகளில் இறங்கி வந்தபோது மதாம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"மதாம், அந்தப் பீப்பாய்ல..."

"ஆமா."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"உங்க மூஞ்சி சொல்லிடுச்சு. இந்தாங்க, கத்தி. நீங்களும் சீவுங்க."

அன்று முதல் அவர் ஒரு முக்காலியை மாடிக்குக் கொண்டுபோய் அந்தப் பீப்பாய்க்கு எதிரே போட்டுக்கொண்டார். பேசினார். முதலில் ஒயின்களைப் பற்றித்தான். அல்சாசில் பாட்டில் ஏன் கொக்குக் கழுத்து மாதிரி நீண்டிருக்கிறது, ஷாம்பெயினின் சுண்ணாம்பு மண் எப்படிப்பட்டது, லுவார் நதிக்கரையில் ஒரே திராட்சை எப்படி ஊருக்கு ஊர் தேனாகவும் கருங்கல்லாகவும் மாறுகிறது. அவளிடம் முன்பு சொன்னவைதான். பிறகு மெல்ல வேறு விஷயங்கள் வந்தன. பேசி முடித்து ஒரு தட்டுத் தட்டுவார். மூன்று வரும். சில நாள் உடனே வரும். சில நாள், யாரோ கை வேலையை முடித்துவிட்டு வருவது போல, தாமதமாக வரும்.

தட்டுச் சத்தத்தில் வேறொன்றையும் கவனித்தார். கணீரென்ற ஒலி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பீப்பாய்களில் அப்படி இல்லை. அவை நிதானமாகக் குறைந்தன. இதில் மட்டும் யாரோ அவசரமாகக் குடிப்பது போல மட்டம் போய்க்கொண்டிருந்தது.

"மதாம், பெர்னதெத் பீப்பாய் மட்டும் வேகமா குறையுது."

"பார்த்தேன்."

"ஏன்?"

"பகலெல்லாம் எதிர்ல உக்காந்து பேசறீங்க. பதில் சொல்றவங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

மதாம் வழக்கம் போலச் சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார். அது கிண்டலாக இருக்கலாம். சவரிராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்று வருஷத்திலேயே இவ்வளவு குறைந்திருக்கிறது. இன்னும் அத்தனை வருஷம் போக வேண்டும். அதற்குள் தீர்ந்துவிட்டால்?

அடுத்த நாளிலிருந்து பேச்சை நிறுத்தினார். முக்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டுவதையும் நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து, அவர் தட்டாமலே, மூன்று தட்டுகள் கேட்டன. சிறிது நேரம் விட்டு மறுபடியும் மூன்று. குழம்பு ஆறுகிறது என்று சொல்வது போல.

அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த வாரம்தான் லூசியேன் பீப்பாய் கெட்டது. லூசியேன், மதாமின் மாமனார். அவர் கடைசியாக நிரப்பிய பீப்பாய் அது. எடுக்க ஒரு வருஷம்தான் பாக்கி. மதாம் தட்டினார், நின்றார், பீப்பாயின் அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து முகர்ந்தார். ஈரத் துணியைக் கொண்டுவந்து, சாக்பீஸில் எழுதிய பெயரைத் துடைத்தார்.

"மாமனார் பேரை அழிக்கறீங்களே!"

"வினிகருக்குப் பேர் வைக்கற வழக்கம் இல்ல, முசே. அந்தப் பக்கம் பிடிங்க, உருட்டணும்."

பீப்பாயை உருட்டிக்கொண்டு போகும்போது சவரிராயன் திரும்பிப் பார்த்தார். ஈரத் துணி ஜன்னல் கட்டையில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கை தூரத்தில் அந்தத் தமிழ் எழுத்துகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதாம் பூசைக்குப் போனார். நல்ல வெயில். தேவாலயத்தின் மணி ஓய்ந்ததும் சவரிராயன் நிலவறைக்கு இறங்கினார்.

அவர் முட்டாள் இல்லை. பர்கண்டிச் சரக்கைக் கொண்டுவந்து ஊற்றிவிடவில்லை. நிலவறையில் எட்டுப் பீப்பாய்களை ருசி பார்த்தார். அதே சவாஞ்ஞான் திராட்சை, அதே சரிவு, அதே களிமண். பெர்னதெத் பறித்த வரிசைக்கு அடுத்த வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த நாட்டில் வேறு யாராலும் அவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. வாளி வாளியாகப் பிடித்து மாடிக்குச் சுமந்தார்.

பீப்பாயின் மேல்தக்கையைச் சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டித் தளர்த்திப் பிடுங்கினார். துளை வழியாக உள்ளே பார்த்தார். ஒயின் தெரியவில்லை. வெகு கீழே, சாம்பல் நிறத்தில், சுருக்கம் விழுந்த மெல்லிய ஆடை ஒன்று மூடியிருந்தது. அது லேசாக மேலெழுந்து தாழ்ந்தது போல இருந்தது. வெளிச்சம் அசைந்திருக்கலாம்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றார். "நிரப்பிடறேன்."

புனலை வைத்து ஊற்றினார். ஆடை முதலில் குழிந்தது. பிறகு நடுவில் கிழிந்து, ஓரங்கள் சுருண்டு, ஒயினுக்குள் முங்கியது. மட்டம் ஏற ஏற, உள்ளே இருந்த காற்று துளை வழியாக வெளியே வந்தது. அவர் முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. வெந்தயம், தேங்காயெண்ணெய், நனைந்த பருத்திப் புடவை. நீளமான ஒரு மூச்சு. கடைசி வாளி காலியானபோது அதுவும் முடிந்தது.

தக்கையை அடித்து மூடினார். கை பழக்கத்தில் பீப்பாயின் வயிற்றைத் துடைத்துவிட்டார். பிறகு தட்டினார்.

மேலிருந்து கீழ் வரை ஒரே மந்தமான சத்தம். பர்கண்டியில் இந்தச் சத்தத்துக்கு முதுகில் தட்டிக்கொடுப்பார்கள்.

தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மறுபடி தட்டினார். நின்றார்.

மதாம் பூசை முடிந்து திரும்பும் வரை அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

படியேறி வந்த மதாம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாடி அப்படி அமைதியாக இருந்தது. வெயில் நேரத்தில் எப்போதும் எங்காவது ஒரு பீப்பாய் முனகும், ஒரு பலகை சொடுக்கும். அன்று எல்லாப் பீப்பாய்களும் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பது போல வாயை மூடிக்கொண்டிருந்தன.

மதாம் வாளியைப் பார்த்தார். புனலைப் பார்த்தார். பூசைக்குப் போட்டிருந்த முக்காட்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கீழேருந்து எது எடுத்தீங்க?"

"படிக்குப் பக்கத்துல மூணாவது பீப்பாய். அதே திராட்சை, அதே சரிவு. நூலிழை வித்தியாசம் இல்ல, மதாம். சத்தியமா."

"தெரியும். உங்க நாக்கு தப்பாது."

மதாம் குழாயைத் திறந்து ஒரு கிளாஸில் பிடித்துக் கொடுத்தார்.

"சொல்லுங்க."

இந்த முறை சவரிராயன் துப்பவில்லை. குடித்தார்.

"சவாஞ்ஞான். தெற்குப் பார்த்த சரிவு. நீல நிறக் களிமண். பழைய கொடி. அந்த வருஷம் மழை பிந்தியிருக்கு." குரல் தேய்ந்தது. "நல்ல ஒயின், மதாம். போட்டிக்கு வந்தா மெடல் குடுப்பேன்."

"இப்ப காலி கிளாஸை மோந்து பாருங்க."

முகர்ந்தார். கிளாஸைத் திருப்பி மறுபடி முகர்ந்தார்.

"கண்ணாடி வாசனைதான் வருது."

சவரிராயன் பீப்பாயின் மேல் கையை வைத்தார். இத்தனை மாதங்களில் முதல் முறையாக மதாமிடம் அவர் அதை ஒயின் என்றோ பீப்பாய் என்றோ சொல்லவில்லை.

"நான் நிரப்பத்தானே செஞ்சேன். அவ தீர்ந்து போயிடக் கூடாதேன்னுதான்... அவ எங்கே, மதாம்?"

மதாம் அவரை எப்போதும் முசே என்றுதான் கூப்பிடுவார். தோழியின் புருஷனைப் புதுச்சேரியில் கூப்பிடுவது போல அன்று கூப்பிட்டார்.

"அவ இருந்த இடத்துலதாண்ணா ஊத்தியிருக்கீங்க."

வெளியே தேவாலயத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களின் பேச்சுக் குரல்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தன.

"எடுத்துடலாமா?" என்றார் சவரிராயன்.

"எடுக்கலாம். திரும்ப ஆடை கட்டுமான்னு தெரியாது. சிலதுல கட்டும்."

"கட்டலேன்னா?"

மதாம் ஜன்னல் கட்டையில் கிடந்த துணியைப் பார்த்தார். சவரிராயனும் பார்த்தார்.

அவர் குனிந்து வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தார். குழாயைத் திறந்ததும் ஒயின் மெல்லிய நூலாக இறங்கத் தொடங்கியது. மதாம் முக்காலியைப் பீப்பாய்க்கு அருகில் இழுத்துப் போட்டுவிட்டுப் படிகளை நோக்கி நடந்தார்.

"மதாம், எவ்வளவு எடுக்கணும்?"

"அளவெல்லாம் இல்ல."

"நான் ஊத்தின அளவு எடுத்தா போதாதா?"

"அது உங்க அளவு."

"அப்ப எங்கே நிறுத்தறது? எனக்கு எப்படித் தெரியும்?"

மதாம் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் மேலே வந்தது.

"எடுத்துக்கிட்டே தட்டிப் பாருங்கண்ணா. பதில் வந்தா நிறுத்துங்க."

சவரிராயன் விரலை மடக்கிப் பீப்பாயை ஒரு முறை தட்டினார். பிறகு மரத்தில் காதை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.